மூடுபனி முதல் லயத்து வாசல் வரை: வெளிச்சம் பற்றிக் கேளுங்க

ஹட்டன்: அண்ணே, மூடுபனி நேரில் வெள்ளையா இருக்கு. படத்தில் அழுக்குச் சாம்பலா வருதே?

கெமராவுக்குப் பனி என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு விடும் வெளிச்ச அளவை, நீங்களே +1 வரை ஏற்றுங்க. போன் என்றால் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும்.

தலவாக்கலை: காலைப் பொன் வெளிச்சம் ஒரு மணித்தியாலம் இருக்கும் என்று வீடியோவில் சொல்றாங்க. எனக்குப் பத்து நிமிசம்கூட கிடைக்கலையே?

அது ஐரோப்பாக் கணக்கு. அங்கே சூரியன் சரிஞ்சு சரிஞ்சு ஏறும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறோம்; இங்கே கிட்டத்தட்ட நெட்டுக்குத்தா ஏறிவிடும். பொன் நிறம் இருப்பது சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 6 பாகை உயரும் வரைதான்; அதற்கு இங்கே 25 நிமிடம் போதும். கிழக்கே மலை மறைத்தால் அதுவும் இல்லை. சூரியன் தலைகாட்டும்போதே பொன் நிறம் போயிருக்கும். ஹப்புத்தளையில் லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனைக்கு இருட்டிலேயே ஆட்கள் ஏறுவது சும்மாவா? கிழக்கு திறந்த இடமாப் பாருங்க.

பண்டாரவளை: லயத்துக் காம்பராவுக்குள்ளே (தோட்டத்து வரிசை வீட்டு அறை) அம்மாவை எடுத்தேன். முகம் ஒரே கறுப்பு.

வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வச்சிருப்பீங்க, தங்கச்சி. அந்த வாசல்தான் உங்க ஸ்டூடியோ லைட். அம்மாவை வாசலுக்கு ஓரடி உள்ளே, வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுகிற மாதிரி பக்கவாட்டில் உட்கார வையுங்க. மற்றக் கன்னம் ரொம்ப இருண்டால் அந்தப் பக்கம் அப்பாவின் வெள்ளை வேட்டியை யாராவது விரிச்சுப் பிடிக்கட்டும். பல்பை அணைச்சிடுங்க, அதன் மஞ்சளும் வாசலின் நீலமும் ஒரே முகத்தில் கலந்தால், நிறத்தைச் சரிக்கட்டும் வைட் பேலன்ஸ் திணறும். ராத்திரி பல்பை நம்பித்தான் எடுக்கணுமா? ஆளைப் பல்புக்குக் கிட்டக் கொண்டு வாங்க: 1 மீற்றரில் கிடைக்கும் வெளிச்சம் 2 மீற்றரில் காற்பங்குதான்.

நானுஓயா: மத்தியானம் கொழுந்து பறிக்கிறவங்களை எடுத்தால் கண் ரெண்டும் குழியாத் தெரியுது.

உச்சி வெயிலின் வேலை. சூரியன் எவ்வளவு பெரிசானாலும் நம்ம கண்ணுக்குச் சின்னப் பொட்டு. சின்ன விளக்கு கத்தியால் வெட்டின மாதிரி நிழல் போடும். மேகம் மூடினால் வானமே விளக்கு, நிழல் கரைஞ்சிடும். நம்ம பக்கம் மேகத்துக்கா பஞ்சம், காத்திருங்க. ஆனா கேட்டுவிட்டு எடுங்க. அவங்களுக்குக் கிலோக் கணக்கு இருக்கு, போஸுக்காக நிறுத்தி வைக்காதீங்க.

எல்ல: ராத்திரியில் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஃபிளாஷ் போடலாமா?

போன் ஃபிளாஷ் சில மீற்றரோடு சரி. முன்னால் நிற்கும் புல்லுதான் வெளுக்கும். அணைச்சுட்டு, போனை ஒரு கல்லில் அசையாமல் வச்சு நைட் மோடில் எடுங்க. கல்லில் என்றேன், தண்டவாளத்தில் இல்லை.