பிள்ளை பெற்றபின் வரும் மனச்சோர்வு: புது மருந்துகள் பற்றிய கேள்வி பதில்

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகளுக்கு மனநல மருத்துவராக என் பதில்கள்.

கேள்வி (அல்சூர்): குழந்தை பிறந்து ஆறு வாரம். அழுகை நிற்கவில்லை, பிள்ளையிடம் மனம் ஒட்டவில்லை. பதினான்கே நாளில் குணமாக்கும் மாத்திரை வந்திருக்கிறதாமே?

அது சுரானலோன். அமெரிக்கா 2023 ஆகஸ்டில் அனுமதித்தது. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோனிலிருந்து அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருள் உடலில் பெருகி, மூளையின் பதற்றத்தைத் தணிக்கிறது. பிரசவமானதும் அது சடாரென்று சரிகிறது. சில பெண்களின் மூளை அந்தச் சரிவைத் தாங்குவதில்லை என்ற கருத்தில் பிறந்தவை இம்மருந்துகள். உங்கள் அழுகை உங்கள் குற்றமல்ல, தங்கையே.

இவ்வகையில் முதலில் 2019-இல் வந்த பிரெக்சனோலோனை 60 மணி நேரம் ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டியிருந்தது. சுரானலோனோ மாத்திரை: மாலையில் 50 மில்லிகிராம், கொழுப்புள்ள உணவோடு, 14 நாள். ஆய்வில் மூன்றாம் நாளிலேயே முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் எல்லோருக்கும் பலிப்பதில்லை. தூக்கம் அழுத்தும், விழுங்கிய 12 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, இரவில் குழந்தையைக் கவனிக்க வேறொருவர் வேண்டும். அங்கே அறிவித்த விலை 15,900 டாலர். அந்த மாத்திரைக்காக ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். செர்ட்ராலின் போன்ற பழைய, மலிவான மருந்துகள் பலருக்கும் நன்றாகவே பயன்படுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அவ்வளவுதான்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): மனைவி பால் கொடுக்கிறாள். மாத்திரை சாப்பிடலாமா?

செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே சேர்கிறது; மருத்துவர் மேற்பார்வையில் பால் கொடுக்கலாம். சுரானலோனும் சிறிதளவே சேர்கிறது, ஆனால் ஆய்வில் பங்கேற்ற தாய்மார் பால் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். குழந்தைகள் பற்றிய தரவு குறைவு. எனவே தம்பி, நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (ஜெயநகர்): பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகும் என்கிறார் மாமியார்.

முதல் இரண்டு வார அழுகைக்கு அது பொருந்தும். அதைத் தாண்டினால் நோய், மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (மல்லேஸ்வரம்): மகள் மூன்று இரவாகத் தூங்கவில்லை. குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்கிறாள்.

அம்மா, இது மனச்சோர்வு மட்டுமல்ல. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும் மனப்பிறழ்வாக இருக்கலாம். இன்றே, இப்போதே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தாயையும் சேயையும் சேர்த்து அனுமதிக்கும் பிரிவு அங்கே உண்டு. அதுவரை குழந்தையோடு அவரைத் தனியே விடாதீர்கள். வழியில் ஆலோசனை வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.