இரவு குடித்தது காலைக்குள் இறங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 38. லோடு வேன் ஓட்டுகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவில் ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிப்பேன். 11 மணிக்கு முடித்துவிட்டுப் படுத்தால், காலை 6 மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். மோரோ எலுமிச்சைச் சாறோ குடித்தால் போதை முழுதாக இறங்கிவிடுமா?

பதில்: இறங்காது. மோரும் எலுமிச்சையும் தாகத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் கலந்துவிட்ட ஆல்கஹாலை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. பச்சைத் தண்ணீர்க் குளியலும் அப்படியே. காபி தூக்கத்தைக் கலைக்கும், நிதானத்தைத் தராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மி.லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். இதில் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் சிதைத்தாக வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் அதனால் முடியும். அவசரப்படுத்த மருந்தும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. ஆக, முழுதும் வெளியேற 6 முதல் எட்டரை மணி நேரம் பிடிக்கும். நீங்கள் சாவியைத் திருகும் நேரத்தில் மிச்சம் இருக்கலாம். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் இருந்தாலே சட்டப்படி குற்றம். ஒல்லியான உடம்பென்றால் காலையில் ஊதச் சொன்னாலும் மாட்டுவீர்கள். அளவு குறைவாகவே இருந்தாலும், குடித்த இரவின் பின்பாதியில் தூக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு அதுவும் ஆபத்துதான்.

'சாப்பிட்டுவிட்டுத்தானே குடிக்கிறேன்' என்பீர்கள். நல்லதுதான். ஆல்கஹாலுக்குச் செரிமானமே தேவையில்லை. கொஞ்சம் இரைப்பையிலும் பெரும்பகுதி சிறுகுடலிலும் நேராக ரத்தத்தில் சேரும். வயிற்றில் சோறு இருந்தால் சிறுகுடலுக்குப் போவது தாமதமாகும், போதை மெதுவாக ஏறும். (ஊறுகாய் சாப்பாட்டுக் கணக்கில் வராது!) ஆனால் காலைக் கணக்கை அது பெரிதாக மாற்றாது.

அதனால் மறுநாள் வண்டி இருந்தால் முந்தின இரவு வேண்டாம். மற்ற நாட்களில் அளவைப் பாதிக்கும் கீழே கொண்டுவாருங்கள், சீக்கிரம் முடியுங்கள். 'இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை' என்று எந்த அளவையும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதில்லை. நானும் சொல்ல மாட்டேன். தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாது.

இன்னொன்று. குடிக்காத நாளில் காலையில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா? அப்படியென்றால் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிறுத்துங்கள்.