மழை எங்கோ, வெள்ளம் இங்கே

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இருக்கும் குறுகலான பாறைப் பிளவுகளுக்கு ஆகஸ்ட்டில் பிள்ளைகளோடு போய், கூடாரம் போட்டுத் தங்கலாமா?

பதில்: ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே திடீர் வெள்ளக் காலம். தலைக்கு மேல் வெயிலடிக்கும். பல மைல் தள்ளிக் கொட்டிய மழை பிளவுக்குள் சீறி வரும். பக்கத்து அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேர் அப்படித்தான் இறந்தார்கள். அக்டோபர் தொடக்கம் பரவாயில்லை. அப்போதும் பிளவுக்கு நீர் வந்து சேரும் மேல்நிலத்து வானிலையைப் பார்த்துவிட்டே இறங்குங்கள். எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் மணல் ஓடையில் கூடாரம் அடிக்காதீர்கள். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர்.

கேள்வி: கயிற்றில் பிள்ளைகள் இறங்கும்போது முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தலைமுடியை! கயிறு ஓடும் இறங்கு கருவிக்குள் முடியோ சட்டை நுனியோ சிக்கினால் பிள்ளை நடுவில் தொங்கும். உடல் பாரம் கயிற்றை இறுக்கியிருப்பதால் விடுவிப்பது லேசல்ல. முடியைப் பின்னிச் சட்டைக்குள் செருகுங்கள். முதலில் ஒரு பெரியவர் இறங்கிக் கயிற்றின் கீழ்முனையைப் பிடித்து நிற்கட்டும். பிள்ளை கையை விட்டுவிட்டாலும், அவர் கயிற்றை இறுக்கி இழுத்தால் இறக்கம் நின்றுவிடும். இடுப்பு ஒடுங்கிய சின்னவர்களுக்கு முழு உடல் ஹார்னஸ்தான் (கயிற்றோடு இணைக்க உடலில் மாட்டும் பட்டை). இடுப்பு ஹார்னஸ் மட்டும் என்றால் தலைகீழாகும்போது நழுவும். வெட்சூட்டும் (குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) வேண்டும்: வெயில் படாத குட்டைகள் கோடையிலும் நடுங்க வைக்கும்.