எஸ்எஸ்டி போடவா, ராம் ஏற்றவா, விற்றுவிடவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2013-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ஐ5 மூன்றாம் தலைமுறை, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் ஆகவே ஐந்து நிமிடம். ராமை 8 ஆக்கினால் போதும் என்கிறார் கடைக்காரர். சரியா? (மதுரை வாசகர்)

முதலில் எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சிப் டிஸ்க்), அப்புறம் ராம். ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், ப்ராசஸர் சும்மா இருக்கும். எச்61 போர்டில் எஸ்எஸ்டி அதன் முழு வேகத்தில் பாதியைத்தான் தொடும். பரவாயில்லை, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில்தான் ஹார்டு டிஸ்க் திணறுகிறது, அது உடனே தீரும். ராம் டிடிஆர்3 என்ற பழைய ரகம் என்பதால் பழையதாகவே வாங்குங்கள். இதற்கு மேல் இந்த மெஷினில் ஒரு ரூபாய் போடாதீர்கள்.

நான் எப்போதும் சொல்வதுதான்: அடுத்த மெஷினுக்கும் கூடவே வரும் பொருளில் காசு போடுங்கள். எஸ்எஸ்டி வரும், மானிட்டர் வரும், நல்ல எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) வரும். டிடிஆர்3 வராது.

ஐ5-7200யு லேப்டாப். விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா? (நெல்லை, கல்லூரி மாணவி)

வேண்டாம். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கு மைக்ரோசாஃப்ட் முதலில் அறிவித்த கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரலாம். பாதுகாப்பு அப்டேட் நின்ற மெஷினில் நெட்பேங்கிங் கூடாது. படிக்க, புரோகிராம் எழுத மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிக்கொண்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஒரே லேப்டாப் வைத்திருக்கும் நீங்கள் சம்மதிக்காதீர்கள்.

விற்பதென்றால் இப்போதே. உங்களுடையது ஏழாம் தலைமுறை. பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறும். அதோடு ஐ5-8250யு-வில் நான்கு கோர், உங்களுடையதில் இரண்டு. ஒரு தலைமுறைதான் வித்தியாசம் என்றாலும் வாங்குகிறவர் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறார்.

லேப்டாப்பின் டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது. விற்பதற்கு முன் சரி செய்தால் விலை கூடுமா? (திண்டுக்கல்)

விலை இருக்கட்டும், பேட்டரி உப்பிவிட்டது. இன்றே ஆஃப் செய்து சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். பேட்டரியை மாற்றாமல் யார் தலையிலும் கட்டாதீர்கள்.

என்னிடம் ஒரு எச்பி லேப்டாப் இருக்கிறது. நல்ல கண்டிஷன். என்ன விலைக்குப் போகும்? (ஊர் எழுதவில்லை)

எச்பி என்பது கம்பெனி பெயர். மாடல், ப்ராசஸர், ராம், டிஸ்க், வாங்கிய வருடம் இவை ஐந்தும் இல்லாமல் விலை கேட்டு எழுதாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? லேப்டாப்பைத் திருப்பினால் ஸ்டிக்கர் இருக்கிறது.

கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ். தெரிந்தவர் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டை மலிவாகத் தருகிறார். 450 வாட் போதும்தானே? (கோவை)

போதாது. உங்களிடம் இருப்பது 450 வாட்டே இல்லை. கேபினட்டின் பக்கவாட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். இந்த ரகத்தில் பெரும்பாலும் 16, 18 என்றுதான் பார்க்கிறேன். 16-ஐ 12-ஆல் பெருக்கினால் 192 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 3060 ஒன்றே 170 வாட் கேட்கும், ப்ராசஸர் அறுபது எழுபது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

இதில் கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் எட்டு பின் கனெக்டரும் இருக்காது. உடனே ஒருவர் 100 ரூபாய்க்கு பழைய மோலெக்ஸ் ஒயரை எட்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றை நீட்டுவார். அந்தக் கன்வெர்ட்டர் உருகிக் கருகிய மெஷின்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன். எஸ்எம்பிஎஸ் போனால் தனியாகப் போகாது, போர்டையும் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போகும். அந்த டிஸ்கில் குழந்தையின் பிறந்தநாள் போட்டோ இருக்கும், பேக்கப் இருக்காது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, கொட்டேஷனைக் கவனியுங்கள். ப்ராசஸருக்கு மாடல் எண் இருக்கும், ராமுக்கு பிராண்டு இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி வரியே இருக்காது, 'கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்' என்று முடித்திருப்பார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் மெஷினைத் தாங்கும் பொருளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. அந்த வரியைத் தனியாக எழுதச் சொல்லி வாங்குங்கள்.

உங்களுக்கு இரண்டு வழி. 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று பெற்ற 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை நாலாயிரம் ஐயாயிரத்துக்கு வாங்கி, அப்புறம் 3060 போடுங்கள். அது உங்களோடு கூடவே வரும் பொருள், அடுத்த மெஷினுக்கும் ஆகும். முடியாதென்றால் தனி கனெக்டர் கேட்காத 70 வாட் கார்டு, 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, இருக்கிறது. அப்போதும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றத்தான் சொல்வேன்.

ரைசன் 5 1600 ப்ராசஸர், பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4. மொத்தமாக விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமா? (சேலம்)

கூடாது. அந்த ஏஎம்4 சாக்கெட்டிலேயே ரைசன் 5 5600 உட்காரும். பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரை) அப்டேட் செய்துவிட்டு, அப்புறம் மாற்றுங்கள். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களால் ராம் விலை எகிறிக் கிடக்கிறது. கையில் இருக்கும் 16 ஜிபியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

டெஸ்க்டாப்பை விற்கிறேன். ஹார்டு டிஸ்கை ஃபார்மேட் செய்துவிட்டேன். போதும்தானே? (தஞ்சாவூர்)

குவிக் ஃபார்மேட் என்றால் போதாது. எந்த ஃபைல் எங்கே என்ற அட்டவணைதான் அழியும், ஃபைல்கள் அப்படியே கிடக்கும். இலவச ரெக்கவரி சாஃப்ட்வேர் வைத்து உங்கள் ஆதார் நகலை எடுத்துவிடலாம். குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள், சில மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டி என்றால் பயாஸிலோ அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரிலோ டிஸ்கை மொத்தமாக அழிக்கும் செக்யூர் எரேஸ் வசதி இருக்கிறதா பாருங்கள். மனம் ஒப்பவில்லையா, டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம். எதைச் செய்தாலும் முதலில் பேக்கப்.

ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு இன்னும் நன்றாக ஓடுகிறது. நல்ல விலை வரும்வரை வைத்திருந்து விற்கலாமா? (புதுச்சேரி)

வைத்திருந்தால் ஏறுவதற்கு இது தங்கம் இல்லை. இந்த வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, இனி 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். விளையாட வைத்துக்கொள்வதென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பதென்றால் இந்த மாதமே விற்றுவிடுங்கள், பில்லும் பெட்டியும் இருந்தால் அதையும் சேர்த்தே கொடுங்கள்.