ஒரு கொட்டகையில் எத்தனை சேவல் தங்கும்?

புறக்கடைக் கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு சேவல், ஆறு பெட்டையோடு சிறுவிடைக் கோழி (சிறிய உடல்வாகு நாட்டுக்கோழி) வளர்க்கத் தொடங்கினோம். அடை வைத்துப் பொரித்ததில் இப்போது பெட்டை 14, சேவல் 5. இளஞ்சேவல்கள் நாலுக்கும் நாலரை மாதம். காலையில் கதவைத் திறந்தால் பெட்டைகள் பரணை (இரவில் உட்காரும் கழிகளை) விட்டு இறங்கவே பயப்படுகின்றன. இரண்டு பெட்டைக்கு முதுகில் இறகே இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக வைக்க வழி உண்டா?
– வாசகி, பொங்கலூர்

பதில்: வழி இல்லை. சிறுவிடையில் எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பதுதான் கணக்கு. உங்கள் 14 பெட்டைக்கு ஒன்று போதும். பாதுகாப்புக்காக இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

சேவல்கள் பெட்டைகளைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. அடங்கி உட்காரும் இரண்டு மூன்று பெட்டைகளையே எல்லாச் சேவல்களும் தேடிப் போகும். ஒன்று இறங்கியதும் அடுத்தது ஏறும். ஏறும்போது அலகால் பிடரி இறகைக் கவ்வி, இரண்டு காலையும் முதுகில் ஊன்றி நிற்கும். ஒரு நாளில் பத்துத் தடவை இப்படி நடந்தால் இறகுத் தண்டுகள் ஒடிந்துபோகும். அதன் பிறகு நகம் நேராகத் தோலில் இறங்கும்.

முதுகு வழுக்கைக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் ஒரு பெட்டையைப் பிடித்துப் பாருங்கள். நடுமுதுகிலும் பிடரியிலும் தண்டு பாதியில் ஒடிந்து குச்சி குச்சியாக நின்றால் அது சேவலின் வேலை. உடம்பு முழுக்கப் பரவலாக உதிர்ந்து புது இறகு முளைவிட்டிருந்தால் இறகு உதிர்காலம். எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஈர் அப்பியிருந்தால் பேன். வால் அடியில் மட்டும் மொட்டையாக இருந்தால் மற்றக் கோழிகள் கொத்துகின்றன.

இறக்கையைத் தூக்கி விலாவையும் கட்டாயம் பாருங்கள். சேவலின் கால் முள் கிழித்த காயம் அங்கேதான் ஒளிந்திருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ஈ மொய்த்து இரண்டே நாளில் புழு வைத்துவிடும். காயத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் இறகைக் கத்தரித்து, உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரால் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். புண் காயும்வரை அந்தப் பெட்டை தனியாக இருக்கட்டும். ரத்தம் தெரிந்தால் மற்றப் பெட்டைகளே கொத்திக் கொன்றுவிடும். காயம் ஆழமாக இருந்தாலோ புழு வைத்துவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இளஞ்சேவல்கள் நாலையும் இன்று மாலையே பிரித்துவிடுங்கள். கூவவும் துரத்தவும் தொடங்கிய வயது இது. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் காயம்பட்ட பெட்டை நாலாகும். பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் நாலையும் ஒன்றாக அடைத்தால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும், ஏனென்றால் சண்டைக்குக் காரணம் அங்கே இல்லை. கறிக்கு விற்கவும் இதுதான் வயது. பிரித்த பிறகும் முதுகு உடனே மூடாது. முழுதாகப் பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைக்கும், ஒடிந்த தண்டோ அடுத்த இறகு உதிர்காலம்வரை அப்படியே நிற்கும்.

எந்தச் சேவலை வைத்துக்கொள்வது என்பதைத் தீனி நேரத்தில் முடிவு செய்யுங்கள். கொண்டை அழகையும் உயரத்தையும் பார்த்து ஏமாற வேண்டாம். வெறும் தரையில் ஒரு பிடி கம்பை வீசிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நல்ல சேவல் ஒரு மணியைக் கொத்தி எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், ‘கொக் கொக் கொக்’ என்று விடாமல் கூப்பிடும். பெட்டைகள் வந்து தின்னும்வரை தான் தின்னாது. பிறகு ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசவிட்டுப் பெட்டையைச் சுற்றி வரும். பெட்டை ஒதுங்கினால் அதுவும் விலகிவிடும். தீனி தின்கிற பெட்டையை ஓடவிட்டு ஏறுகிற சேவல் எவ்வளவு எடை இருந்தாலும் விற்க வேண்டியதுதான்.

வைத்துக்கொண்ட சேவலின் கால் முள் கூராக இருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்குங்கள். உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

கேள்வி: 25 பெட்டைக்கு இரண்டு சேவல். இரண்டும் ஒரே அடையில் பொரித்தவை, ஒற்றுமையாகத்தான் இருந்தன. ஒன்றுக்குக் காலில் அடிபட்டுப் பத்து நாள் வீட்டுக்குள் வைத்திருந்தோம். திரும்ப விட்டதும் கொண்டை கிழியச் சண்டை. கூடப் பிறந்தவை ஏன் இப்படி?
– வாசகர், மணப்பாறை

பதில்: கூடப் பிறந்தது ஒரு பொருட்டே இல்லை. யார் மேலே, யார் கீழே என்பது தினமும் பார்த்துப் பார்த்து நிலைப்பது. பத்து நாள் கண்ணில் படாமல் போனதும் அது அழிந்துவிட்டது. திரும்பி வந்தது அவற்றுக்குப் புதுச் சேவல்.

மறுபடி சேர்க்க ஒரு வாரம் ஒதுக்குங்கள். காயம் ஆறிய சேவலைப் பகலில் கோழிகள் மேயும் இடத்திலேயே பஞ்சாரத்தில் (கோழியை மூடிவைக்கும் கூடையில்) கவிழ்த்து வையுங்கள். பஞ்சாரத்தின் இடுக்கு வழியாகவே கொண்டையைக் கொத்திக்கொள்ளும் என்பதால், சுற்றி ஒரு சாண் தள்ளிக் கம்பிவலை நிறுத்த வேண்டும். தண்ணீரும் நிழலும் முக்கியம், வெயிலில் பஞ்சாரத்துக்குள் கோழி செத்துவிடும். ஐந்தாறு நாளில் இரண்டும் சிலிர்த்துக்கொண்டு நிற்பது குறையும். அப்போது நன்றாக இருட்டிய பிறகு கொண்டுபோய்ப் பரணில் ஏற்றிவிடுங்கள். விடிவதற்குள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

காலையில் ஒரு சண்டை வரும். கழுத்து இறகைக் குடைபோல விரித்து நேருக்கு நேர் எகிறும். ஒன்று திரும்பி ஓடினால் முடிந்தது, குறுக்கே போகாதீர்கள். பாதியில் பிரித்தால் மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். ஓடியதை மற்றது மூலையில் மடக்கித் தலையில் கொத்தினாலோ, கண்ணருகே ரத்தம் வந்தாலோ உடனே பிரியுங்கள்.

தோற்றது ஓடி ஒளிய இடம் இருக்கிறதா என்பதுதான் இதில் பெரிய விஷயம். முற்றத்தில் நாலு இடத்தில் தென்னை ஓலைத் தடுக்கைச் சாய்த்து வையுங்கள். பார்வை மறைந்தாலே துரத்தல் பாதி நின்றுவிடும். தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில், பதினைந்து இருபது அடி தள்ளி இருக்கட்டும். அடுத்த முறை அடிபட்டால் வீட்டுக்குள் கொண்டுபோகாமல், மற்றது பார்க்கிற மாதிரி வலைக்குப் பின்னாலேயே வைத்து வைத்தியம் பாருங்கள்.

கேள்வி: சேவல் இல்லாவிட்டால் முட்டை குறையுமா?
– வாசகி, திருத்தணி

பதில்: குறையாது. பெட்டை தானாகவே முட்டையிடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் தேவை.

கேள்வி: பெருவிடைச் சேவல் (பெரிய உடல்வாகு சண்டைக்கோழி) ஒன்றை வாங்கிச் சிறுவிடைப் பெட்டைகளோடு விட்டால் குஞ்சு எடை கூடும் என்கிறார்கள். இப்போதிருக்கும் சேவலையும் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: குஞ்சு எடை கூடும் என்பது உண்மை. ஆனால் வளர்ந்த பெருவிடைச் சேவல் நாலு கிலோ வரும், சிறுவிடைப் பெட்டை ஒன்றேகால் கிலோதான். இடுப்பு முறியவும் விலா கிழியவும் வாய்ப்பு உண்டு. ஏழெட்டு மாத இளஞ்சேவலாக, மூன்று கிலோவுக்குள் வாங்கி, பெரிய பெட்டைகளோடு மட்டும் விடுங்கள். பழைய சேவலோடு ஒரே முற்றத்தில் விடவே கூடாது. பெருவிடையைத் தோற்றாலும் ஓடாதபடி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஒன்று சாகும்வரை போகும். பெருவிடைப் பெட்டைகள்கூட மூர்க்கமாகச் சண்டையிடும்.

பழைய சேவலை எடுத்த மறுநாளே அடைமுட்டை சேர்க்காதீர்கள். அதன் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளே புதுச் சேவலுக்கு உரியவை என்று நம்பலாம்.

சந்தையில் வாங்கியதை நேராகக் கொட்டகையில் விட்டுவிடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. மூன்று வாரம் தனியாக, தனித் தண்ணீர்ச் சட்டியோடு வைத்து, மற்றக் கோழிகளைக் கவனித்த பிறகு கடைசியாக அதற்குத் தீனி போடுங்கள். உங்கள் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். குஞ்சுக்கு 7ஆம் நாளும் 28ஆம் நாளும் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு வாரம் ஆகும்.

கேள்வி: 10 கோழி 30 ஆகப் போகிறது. கொட்டகையில் என்ன மாற்ற வேண்டும்?
– வாசகர், பண்ருட்டி

பதில்: பகலில் மேய்வதால் இரவுத் தங்கலுக்குக் கோழிக்கு இரண்டு சதுர அடி, ஆக 60 சதுர அடி போதும். பரணில் ஒன்றுக்கு எட்டு அங்குலம். கழிகளை ஒரே உயரத்தில் கட்டுங்கள். படிப்படியாகக் கட்டினால் மேல்கழிக்குத் தினமும் மாலையில் அடிதடிதான். ஐந்து பெட்டைக்கு ஒரு முட்டைப்பெட்டி, ஒரு அடி நீளம், அகலம், உயரம், பரணைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மேலே இருந்தால் அதிலேயே படுத்து எச்சமிடும்.

கதவு இரண்டு வையுங்கள். ஒரே கதவு என்றால் பெரிய சேவல் முதலில் இறங்கி வாசலிலேயே நின்று, வெளியே வரும் பெட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடிக்கும். இரண்டாவது கதவு வைக்க வசதி இல்லையென்றால், மாலையில் சேவல்களை ஒரு தடுப்புக்குள் அடைத்துவிட்டு, காலையில் பெட்டைகளை முதலில் விட்டுத் தீனி போட்டு, அரை மணி நேரம் கழித்துச் சேவல்களைத் திறந்துவிடுங்கள்.