லாக்டேட், வலி, தள்ளாட்டம்: ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

கேள்வி: மேடம், மூன்று வருடமாக ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பு முழுக்க வலியும் களைப்பும். ரத்தத்தில் லாக்டேட் 2.6 என்று வந்திருக்கிறது. வலிக்கு இதுதான் காரணமா?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. லாக்டேட் என்பது உடம்பின் செல்கள் சர்க்கரையை உடைக்கும்போது உண்டாகும் பொருள். ஓய்வில் இருக்கும்போது பெரும்பாலும் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்கும், சரி. ஆனால் ரத்தம் எப்படி எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, நரம்பு கிடைக்கவில்லை என்று கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார்களா? மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும் முன்னே ஊசி போட்டார்களா? எடுத்த ரத்தம் வெளியே ரொம்ப நேரம் கிடந்தாலும் எண் ஏறும், ஏனென்றால் குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் கூடுதலாக இருந்தால் கல்லீரல், சிறுநீரகம், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் (முக்கியமாக சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின்) எல்லாவற்றையும் டாக்டர் பார்க்க வேண்டும். கூடவே காய்ச்சல், வாந்தி, மூச்சிரைப்பு, குழப்பம் இருந்தால் மறு டெஸ்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: அரை மணி நேரம் நடந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. லாக்டிக் ஆசிட் தேங்கிவிடுகிறதாமே அக்கா?

பதில்: லாக்டிக் ஆசிட் என்று சொல்வதும் இந்த லாக்டேட்டைத்தான், அது தேங்குவதில்லை. கடுமையாக ஓடினாலும் சுமார் ஒரு மணி நேரத்தில் அது இறங்கிவிடும், இதயமே அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு நடப்பது வேறு: மூளையும் தண்டுவடமும் வலியைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. அதனால் லாக்டிக் ஆசிட்டைப் பிழிந்து எடுக்கிறோம் என்று சொல்லும் மசாஜுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆனால் நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2016-ல் வெளியிட்ட பரிந்துரைகளில், சிகிச்சைகளில் உடற்பயிற்சிக்குத்தான் வலுவான பரிந்துரை கிடைத்தது. ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள், மறுநாள் உடம்பு தாங்கினால் ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே லாக்டேட் மீட்டர் வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நடக்கும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள், அது போதும்.

கேள்வி: ராத்திரி பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடித்தால்தான் நடக்க முடிகிறது. லாக்டேட் கூடியதாலா?

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். வலி வலி என்று எல்லோரும் கேட்கிறார்கள், தள்ளாடுவதை யாரும் சொல்வதில்லை, விழுந்த பிறகுதான் வருகிறார்கள். கண், உள்காது, பாதம் மூன்றும் சொல்வதை வைத்துத்தான் நாம் நிற்கிறோம். இருட்டில் கண் கைவிட்டுவிடும், மீதி இரண்டும் சமாளிக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நிற்கச் சொன்னால், பல பேருக்குக் கால் விரல்கள் வெளுக்கும் அளவுக்குத் தரையைக் கவ்விப் பிடிப்பதைப் பார்க்கிறேன். அன்றாடம் இருக்கும் லாக்டேட் இதைச் செய்யாது, களைத்த கால் தசை செய்யும். இந்த வலிக்குத் தரும் ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் மாத்திரைகள் இரண்டும் தலைசுற்றலைத் தரும், எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், காலையில் களைப்பு ஏறும் முன் சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பாதத்தை மற்றதன் முன்னால் குதிகாலும் விரலும் தொட வைத்துப் பத்து எண்ணுங்கள். ஆட்டம் குறைந்த பிறகு ஒரு கையை எடுங்கள். பாத்ரூம் வழியில் இன்று ராத்திரியே ஒரு சின்ன விளக்கு போட்டுவிடுங்கள்.