வைத்தியசாலை விடுதியில் பச்சைப்பிள்ளைக்குத் தொற்றும் கிருமி: உங்கள் கேள்விகளுக்கு வைத்தியரின் பதில்

சிசேரியன் முடிந்து விடுதியிலேயே இருந்தோம். ஐந்தாம் நாள் பிள்ளைக்குக் கிருமித்தொற்று என்று ஊசி போடத் தொடங்கினார்கள். என்னிடமிருந்துதான் தொற்றியதா? (கோப்பாய்)

உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள், தங்கச்சி. பிறந்து மூன்று நாளுக்குள் வரும் தொற்று பெரும்பாலும் பிரசவத்தோடு தாயிடமிருந்து வருவது. அதற்குப் பிறகு விடுதியில் வருவது அநேகமாகக் கைகளால் வருவது. கிளெப்சியெல்லா, ஸ்ரபிலோகொக்கஸ் போன்ற பற்றீரியாக்கள் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகக் கழுவாத ஒரு கை போதும். 1847இல் வியன்னாவின் மகப்பேற்று விடுதியொன்றில் செமல்வைஸ் என்ற வைத்தியர் எல்லாரையும் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். தாய்மாரின் சாவு மளமளவென்று குறைந்தது.

"கை கழுவினீங்களா?" என்று வைத்தியரிடம் கேட்கலாமா? கோபிக்க மாட்டார்களா? (சாவகச்சேரி)

கேளுங்கள். என்னிடம் ஒரு அம்மம்மா கேட்டிருக்கிறார். பக்கத்துக் கட்டில் பிள்ளையைப் பார்த்த கையோடு வந்து, அவருடைய பேத்தியின் கன்னத்தைத் தொடப் போனேன். "டொக்டர், கை கழுவினீங்களோ?" என்றார், மெதுவாக. திரும்பிப் போய்க் கழுவினேன். அந்தக் கேள்விக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

சவர்க்காரம் என்றால் 40 முதல் 60 விநாடி. கைக்குத் தடவும் அல்ககோல் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள். அவற்றுக்குக் கீழேதான் ஈரமும் அழுக்கும் தங்கும். பார்க்க வரும் சொந்தக்காரருக்கும் இதே சட்டம்தான். தடிமன், இருமல் இருந்தால், கனடாவிலிருந்து வந்த மாமாவாக இருந்தாலும் வாசலோடு நிற்கட்டும்.

தொப்புளில் எண்ணெய் பூசலாமா? (பருத்தித்துறை)

வேண்டாம். எதுவும் பூசாமல் காயவிடுங்கள். நப்பியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் பால் குடிக்காமல் நித்திரையாகவே கிடக்கிறது. விடியும் வரை பார்க்கலாமா? (மானிப்பாய்)

பார்க்கக் கூடாது. பச்சைப்பிள்ளைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வந்தே தீரும் என்றில்லை. சில நேரம் உடம்பு குளிர்ந்துபோகும். முலையை வாயில் வைத்தும் உறிஞ்சாமல் துவண்டு கிடப்பதுதான் நான் அதிகம் பயப்படும் அறிகுறி. சட்டையை விலக்கி நெஞ்சைப் பாருங்கள்: மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் ஓடுகிறதா, நெஞ்சு உள்ளே இழுக்கிறதா? வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, இவையும் அப்படித்தான். சரி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நடுச்சாமம் என்று பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வழியில் பிள்ளையை உங்கள் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, மேலே துணியால் மூடிக்கொள்ளுங்கள்.